முதுமையும் உறைவிடமும்

உயிர் உறைதற்கு உடம்பும், உடம்பு உறைதற்கு வீடும், வீடு நிற்றற்கு ஊரும் வேண்டப்படுகின்றன. இவற்றுள் உடம்பை நாம் தெரிந்துகொண்டதில்லை. ஊரையும் இளமையில் நாம் தெரிந்துகொள்வதில்லை. பெற்றோர் இருந்த இடத்திற் பிறந்தோம். கல்வியும் தொழிலும் ஈர்த்த இடத்திற் சென்று வாழ்ந்தோம். தொழிலினின்றும் விடுபட்ட பின்னரே, இனி எங்கு உறைவது என்னும் வினா முதன்முதலாக நம்முன் வந்து நிற்கின்றது. தமிழ்நாட்டு அரசுப் பணியாளர் இப்பொழுது அறுபதாம் அகவையில் ஓய்வு பெறுகின்றனர். அதன்பின்னும் இருபது ஆண்டு உயிர்வாழ்வார் பலர். இருபது ஆண்டென்பது சிறிய காலமன்று. ஒரு குழந்தை பிறந்து வளர்ந்து கற்று முடிக்கும் காலம் அது.

இவ்வினாவைப் பலரும் பொருட்கணக்காகவே கொள்ளுகின்றனர். வாடகை யாது, மருத்துவமனை எத்துணைத் தொலைவு, வீட்டை விற்றால் என்ன கிடைக்கும் என்பனவே அவர்தம் ஆராய்ச்சி. இவை வேண்டாவென்று யாம் கூறவில்லை. ஆயின், இவ்வளவில் அமைவதன்று அவ்வினா. அஃது அறத்தின்பாற்பட்டது, சித்தாந்த நூற்பொருளோடு நேரே இயைபுடையது. அதனை ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

புதுக்கோட்டை நாட்டு நிலை

ஆராய்ச்சி வெற்றுச் சொல்லாய் ஒழியாமைப் பொருட்டு ஒரு நாட்டினை எடுத்துக்கொள்ளுதல் நலம். தொண்டைமான் மன்னர் ஆட்சியினின்றும் 1948-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, 1974-இல் தனி மாவட்டமாக அமைந்த புதுக்கோட்டை நாடே அதற்கு ஏற்றதாம். 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் 16,18,345 பேர். அவருள் ஐந்தில் நாலு பங்கினர் சிற்றூரினர். வானம் பார்த்த நிலமும், கண்மாய்ப் பாசனமும், ஊருணி நீரும் கொண்டு வாழ்ந்த நாடாகலின், அங்குப் பிறந்த இளைஞர் பலர் சென்னைக்கும் திருச்சிக்கும் திருப்பூருக்கும், கடல் கடந்து சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்பு நாடிச் செல்லுவாராயினர். சென்றவர் மூப்பெய்துகின்றனர், அவரை அனுப்பிவிட்டுத் தங்கியிருந்த பெற்றோரோ மேலும் மூப்பெய்துகின்றனர். எனவே, திரும்புவதா தங்குவதா என்னும் வினா அந்நாட்டில் வீடுதோறும் எழுவதொன்றாம்.

ஆலங்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்து, சென்னையில் முப்பதாண்டு பணி செய்து ஓய்வு பெற்ற ஒருவரை எண்ணிக்கொள்வாம். ஊரில் தந்தை விட்ட ஓட்டுவீடும் சிறிது தென்னந்தோப்பும் உள. மகன் பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்கின்றான், மகள் சிங்கப்பூரினள். அவர்முன் நான்கு வழிகள் கிடக்கின்றன. ஊருக்குத் திரும்பலாம், மகனோடு சென்று சேரலாம், பொருள் கொடுத்து முதியோர் இல்லத்து உறையலாம், யாதானும் ஒரு திருத்தலத்தை அடைந்து அங்கேயே தங்கலாம். இவற்றுள் எது தக்கது?

புவனம் என்பது என்னை?

சித்தாந்த சைவத்துள், உயிர்கட்கு ஆணவ மலம் நீங்குதற்பொருட்டு இறைவன் மாயையினின்றும் நான்கினைத் தோற்றுவித்து அருளுகின்றான் என்பர். அவை தனு, கரணம், புவனம், போகம் என்பன. உடம்பும் கருவியும் நுகர்பொருளும் போலவே உறையும் இடமும் அருளால் தரப்பட்டதொன்றென்பது இதனாற் போதரும். அங்ஙனமாயின், இடம் என்பது வெறும் வசதியன்று. மலம் கழுவுதற்கு அமைந்த துறையாம். துறையைத் தெரியும்பொழுது, படி வழவழப்பாக உளதா என்பதனை மட்டும் நோக்குவது போதுமா? நீர் உளதா என்பதனையும் நோக்கல் வேண்டுமன்றோ?

மற்றும், உயிர் சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் இயல்பினது. படிகம் தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறுபோல, உயிரும் தான் சார்ந்த இனத்தின் நிறத்தையே எய்தும். இளமையிற் பல சார்புகள் இருத்தலின் ஒன்றன் தீமையை மற்றொன்று மாற்றும். முதுமையிலோ கண்ணும் காலும் தளர, சார்பு சுருங்கி ஓரிரண்டே எஞ்சும். எஞ்சியவை யாவையோ அவற்றின் வண்ணமே உயிரின் வண்ணமாம். ஆதலின், முதுமைக்கு இடம் தெரிதல் இளமைக்குத் தெரிதலினும் பெரிதும் கருதத்தக்கது.

ஈண்டு ஒரு சாரார், "எல்லாம் வினைப்பயனாயின், ஆங்கு இருத்தலும் ஈங்கு இருத்தலும் பிராரத்தமே, தெரிவதற்கு நமக்கு என்ன உளது?" என்று கடாவுவர். அற்றன்று. நமக்கு வந்து வாய்த்த மக்கள், உடல்நலம், பொருள், பிறந்த ஊர் இவை பிராரத்தம் என்க. அவற்றை வைத்துக்கொண்டு நாம் எண்ணும் எண்ணமும் செய்யும் செயலும் ஆகாமியமாய் மேல் ஏறுவன. பிராரத்தத்தைக் காட்டி ஆகாமியத்திற்குப் பொறுப்பேலாது ஒழிதல் நூற்கொள்கையன்று. மேலும், "விதிவழி விடுவோம்" என்று கூறும் முதியவர் பலர், தாம் முடிவு செய்யாமையால் அம்முடிவினைத் தம் மக்கள் தலைமேல் ஏற்றுகின்றனர். ஒருநாள் கால் இடறி வீழ்ந்த பின்னர், மக்கள் ஓடிவந்து, கலங்கிய நெஞ்சோடு ஒரே இரவில் முடிவு செய்ய நேருகின்றது. அஃது ஊழன்று, சோம்பலின் விளைவாம்.

சிற்றூர்

முதற்கண் பிறந்த ஊருக்குத் திரும்புதலை ஆராய்வாம். இதற்குச் சான்று கூறுவோர் புறநானூற்றுப் பிசிராந்தையாரை எடுத்துக்காட்டுவர். ஆண்டு பலவாகியும் தலை நரையாமைக்குக் காரணம் வினவப்பட்டபொழுது, அப்புலவர் தம் மனைவி மக்கள் மாண்பினையும், ஏவலாளர் தம் கருத்தறிந்து ஒழுகுதலையும், வேந்தன் காவலையும் கூறி, அவற்றின்மேலாகத் தம் ஊரிற் சான்றோர் பலர் வாழ்தலையும் கூறினர். இவ்விடையை நுணுகி நோக்கின், அவர் ஊரின் காற்றையும் நீரையும் புகழ்ந்திலர்; மக்களையே புகழ்ந்தனர் என்பது விளங்கும். எனவே, பிசிராந்தையார் சிற்றூர் வாழ்க்கைக்குச் சான்றாகார். நல்லினத்து வாழ்க்கைக்கே சான்றாவர். ஊர் என்பது இனமே. இனம் போயபின் எஞ்சுவது மண்ணும் சுவரும்.

இன்று புதுக்கோட்டைச் சிற்றூர்களில் அவ்வினம் உளதா? திருமயம் வட்டத்துக் கோனாப்பட்டு, இராயவரம், இராமச்சந்திரபுரம் முதலிய நகரத்தார் ஊர்களை நோக்குக. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருளைக் கொணர்ந்து, முகப்பும் வளவும் பட்டாலையுமாக எழுப்பிய மாளிகைகள் அங்கு நிரல்பட நிற்கின்றன. திரும்பிவந்து வாழ்தற்கென்றே கட்டப்பட்டவை அவை. அவற்றுட் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. திருமணத்திற்கும் படைப்பிற்கும் மட்டுமே திறக்கப்படுவன பல. சில விருந்தினர் விடுதிகளாயின. கட்டினவர் கருத்து வேறு, காலத்தின் கருத்து வேறாயிற்று. தேக்கினாலும் சுண்ணாம்பினாலும் ஓர் ஊரை நிலைநிறுத்தல் இயலாதென்பதற்கு இவையே கண்கூடான சான்று.

இயற்கையும் முதியோர்பால் இரக்கம் காட்டுவதன்று. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வீசிய கசாப் புயல் ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்களை ஓரிரவில் வீழ்த்திற்று. தென்னை நட்டுப் பயன் பெற ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும். தோப்பையே முதுமைக்கு ஊன்றுகோலாக எண்ணியிருந்தார்க்கு அவ்வூன்றுகோல் முறிந்தது. ஆழ்துளைக் கிணறுகள் ஆண்டுதோறும் ஆழம் மிகுதலும், கண்மாய்கள் தூர்ந்து கிடத்தலும் அறியாதாரில்லை.

மருத்துவமோ முன்போல் முற்றும் இல்லாததொன்றன்று. 108 ஊர்தி தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகின்றது; புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி 2017-இல் தொடங்கிற்று; குருதியழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் மருந்தினை வீட்டிற்கே கொணரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் தோன்றிற்று. ஆயினும், மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபட்டு ஒருபக்கம் வீழ்ந்தார்க்கு அடைப்பினைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தப்படல் வேண்டுமென்பர் மருத்துவர். வீழ்ந்தாரைக் கண்டு ஊர்தியை அழைப்பதற்கு ஒருவர் அருகிருத்தல் வேண்டும். தனியே வாழ்வார்க்கு ஊர்தியின் தொலைவன்று குறை. அழைப்பார் இன்மையே குறையாம்.

இவையெல்லாம் கூறியபின்னும், சிற்றூருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டென்பதை யாம் மறுக்கில்லேம். அங்கு முதியவர் ஒருவர் பயன்படுதல் எளிது. கற்றவர் ஒருவர் ஊருக்குத் திரும்பினால், கண்மாய் மடையைப்பற்றிய வழக்கினைத் தீர்ப்பதற்கும், ஓய்வூதிய விண்ணப்பம் எழுதிக்கொடுப்பதற்கும், பள்ளிப் பிள்ளைக்குக் கணக்குக் கற்பிப்பதற்கும், பூட்டிக் கிடக்கும் சிவன்கோயிலில் மாலைதோறும் ஒரு விளக்கேனும் ஏற்றுவதற்கும் அவர் உதவுவர். நகரத்தில் அவர் பலருள் ஒருவர். ஊரில் அவர் ஓர் ஆள். புயலில் தோப்பிழந்து, எழுபதாம் அகவையில் மீண்டும் தென்னங்கன்று நடும் உழவர் ஒருவர், பயன் கருதாது வினை செய்தல் என்று நூல்கள் கூறுவதனை நூல் கல்லாமலே செய்து காட்டுகின்றார். இத்தகைய வாய்ப்பு எங்கு மிகுதியோ அங்கு உறைதல் உயிர்க்கு நன்று.

மக்களோடு உறைதல்

இனி, மக்களோடு சென்று வாழ்தல். நம் நாட்டு மரபு இதனையே இயல்பென்று கொண்டது. பேரக்குழந்தையைக் கையிலேந்தும் இன்பமும், நோயுற்றபொழுது மகன் கையால் மருந்துண்ணும் ஆறுதலும் வேறிடத்துக் கிடைப்பனவல்ல. எனினும் இதன்கண்ணும் இடர்கள் உள. மொழி வேறாகிய நகரத்தில், ஏழாம் மாடியில், மகனும் மருமகளும் காலையிற் பணிக்குச் சென்று இரவில் மீளும் வீட்டில், முதியவர் காவலாளர்போலக் கதவடைத்திருக்கின்றனர். தனிமை என்பது சிற்றூருக்கே உரியதன்று. பிரித்தானிய அரசு 2018-இல் தனிமையை நீக்குதற்கென்றே ஓர் அமைச்சரைக் குறித்தது. செல்வமும் மருத்துவமும் நிறைந்த நாட்டிலும் அந்நோய் தீர்ந்தபாடில்லை.

வேறோர் இடர் பொருளைப் பற்றியது. மகனோடு சேருமுன் வீட்டையும் நிலத்தையும் தானப் பத்திரத்தால் அவனுக்கு எழுதிவைத்துவிட்டுப் பின்னர் வருந்துவார் சிலர். இவ்விடர் நாடு முழுதும் பரவியமையாலன்றோ, 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பேணுவதாக ஏற்ற நிபந்தனையோடு சொத்தினைப் பெற்றுக்கொண்டு பின் பேணாது கைவிட்டால், அப்பத்திரத்தைச் செல்லாததாக்கத் தீர்ப்பாயத்திற்கு அதிகாரம் தந்தது! சட்டம் வேண்டப்பட்டமை வெட்கத்திற்குரியதே; எனினும், அது கிடைத்தமை நன்றே. கொடுத்தல் பற்றறுத்தலாகும் என்று கருதி அனைத்தையும் கொடுத்துவிடுவோர், உள்ளத்தே "கொடுத்தேன், ஆதலின் எனக்குக் கடன்பட்டான்" என்னும் கணக்கை வைத்திருப்பின், அது பற்றறுத்தலன்று, வட்டிக்கு விடுதலாம். எனது என்பது போய் யான் என்பது பெருத்தது. வாழ்நாளளவும் தமக்கு வேண்டுவதைத் தம்பால் வைத்துக்கொண்டு, மக்களிடம் அன்பையன்றி வேறொன்றும் எதிர்பாராதிருத்தல் இதனினும் தூய்மையுடைத்து.

நகரத்தார் மரபில் 'வேறு வைத்தல்' என்னும் வழக்கம் ஒன்றுண்டு. மகனுக்குத் திருமணமானபின், ஒரே வீட்டில் ஒரே கூரையின்கீழ், அவனுக்குத் தனி அடுப்பும் தனிக் கணக்கும் அமைத்துக் கொடுப்பர். பெற்றோரும் மக்களும் நாள்தோறும் முகம் காண்பர். உப்புக்கும் புளிக்கும் ஒருவரையொருவர் கையேந்தார். அருகிருத்தலும் அடிமைப்படாதிருத்தலும் ஒருங்கே நிகழும் இம்முறை, இற்றைநாட் குடும்பங்கட்குப் பெரிதும் ஏற்றதாம். ஒரே தெருவில் இரண்டு சிறு வீடுகளாகவேனும், ஒரே குடியிருப்பில் இரண்டு பகுதிகளாகவேனும் இதனை அமைத்துக்கொள்ளலாம். பெற்றோர்க்கு மானமும் மக்கட்கு அமைதியும் இதனாற் காக்கப்படும்.

முதியோர் இல்லம்

முதியோர் இல்லம் என்றவுடன் முகஞ்சுளிப்போர் நம்மவருட் பலர். அஃது மக்களின் நன்றியின்மைக்கு அடையாளமென்பர். மக்களாற் கைவிடப்பட்டு அங்குத் தள்ளப்படுதல் இழிவென்பதில் ஐயமில்லை. அவ்விழிவு தள்ளினாரைச் சாருமேயன்றித் தள்ளப்பட்டாரைச் சாராது. ஆயின், ஒத்த அகவையினரும் ஒத்த கருத்தினரும் ஓரிடத்துக் கூடி உண்டு உறைதல் தன்னளவில் இழிவென்று கூறுதற்கு ஏது யாதுமில்லை. புதுக்கோட்டை நாட்டுக் கொடும்பாளூரில், இருக்குவேள் மரபினனாகிய பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் தன் தேவியர் இருவர் பெயராலும் மூவர் கோயில் எடுத்தபொழுது, காளாமுக ஆசிரியராகிய மல்லிகார்ச்சுனர்க்குப் பெரியதொரு மடத்தினையும் அளித்து, ஐம்பது தவத்தினர் உண்டு உறைதற்கு ஊர்களையும் விட்டான் என்று கல்வெட்டுக் கூறுகின்றது. மூன்று தளிகளுள் இரண்டே இன்று நிற்கின்றன. அவ்வூரிலேயே, அடியார்க்கு அமுதூட்டும் பொருட்டு அரண்மனை நெற்கூட்டிற் களவு செய்த அடியவரைத் தண்டியாது, பண்டாரத்தையே அடியார்க்குத் திறந்துவிட்ட இடங்கழி நாயனார் ஆண்டனர். குடும்பமல்லாத கூட்டத்தில் உண்டு உறைதல் நமக்குப் புதிதன்று. அதனைப் பேணுதலை அரசரும் பேறாகக் கருதினர்.

எனவே, இல்லம் நன்றா தீதா என்று பொதுவாக வினவுதல் பயனற்றது. அங்குக் கூடுவார் யார்? வழிபாடும் ஓதலும் கேட்டலும் உளவா? ஒருவர்க்கொருவர் தொண்டு செய்ய இடமுண்டா? பணம் குறைந்தால் வெளியேற்றுவரா? இவையே வினவற்பாலன. மணி அடித்தவுடன் உண்டு, படுக்கையிற் கிடந்து, தொலைக்காட்சியைப் பார்த்து நாள் கழிக்கும் இல்லமாயின், அது முதுமையைக் காக்கின்றதேயன்றி முதியவரைக் காக்கவில்லை. பொருளில்லாதார்க்கு மாவட்டந்தோறும் நூற்றைம்பதின்மர்க்குக் குறையாமல் தங்கும் இல்லம் அரசு அமைக்கலாமென்று மேற்கூறிய சட்டம் சொல்லுகின்றது. சட்டத்தின் சொல் சுவராக எழுதற்கு அரசின் கை மட்டும் போதாது. அறநிலையங்களின் கையும் வேண்டும். அதனைப் பின்னர்க் கூறுவாம்.

திருத்தலத்து உறைதல்

இறுதியாக, திருத்தலத்து உறைதல். காசியிற் சென்று கிடந்து உயிர்விடும் வேட்கை நம் முன்னோர்க்கு இருந்தது. தில்லையிலும் ஆரூரிலும் அண்ணாமலையிலும் இன்றும் அவ்வேட்கையோடு வந்து தங்குவார் உளர். திருநாவுக்கரசு நாயனார் முதிர்ந்த அகவையிற் புகலூரிற் றங்கி உழவாரத் திருப்பணி செய்தே இறைவனடி சேர்ந்தனர். எண்பத்தோராண்டு வாழ்ந்தனர் என்பது வழக்கு. அவர் புகலூரை அடைந்தது ஓய்வு கருதியன்று என்பதை மறவாதொழிக. கையிற் படை பிடித்துப் புல் செதுக்கினர். தலத்து உறைதலின் பொருள் அதுவே.

புதுக்கோட்டை நாட்டார்க்குக் காசியை நாடவேண்டுவதில்லை. திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆட்சியில் விளங்கும் ஆவுடையார்கோயிலாகிய திருப்பெருந்துறை அவர் நாட்டிலேயே உளது. குருந்த மரத்தடியில் மாணிக்கவாசகர் குருவருள் பெற்ற இடம் அது. அங்குக் கருவறையில் இலிங்கத் திருமேனி இல்லை; ஆவுடையார் மட்டுமே உண்டு. நந்தியில்லை, கொடிமரமும் இல்லை. படைகல்லிற் பரப்பிய சோற்றின் ஆவியே ஆன்மநாதர்க்கு நிவேதனமாகின்றது. உருவும் எல்லையும் கடந்தவனை உணர்த்தற்கு அமைந்த அவ்விடத்தைக்கூட அடிகள் தமக்கு நிலைத்த உறைவிடமாகக் கொள்ள ஒருப்படவில்லை அவர்தம் குரு. தில்லைக்கு வருக என்று பணித்தனர் என்பர். மதுரையில் அமைச்சுரிமையை விட்டவர், பெருந்துறையையும் விட்டனர். பொன்னும் பதவியும் கட்டுவது போலவே, பற்றிக்கொண்டால் புண்ணியத் தலமும் கட்டுமென்பது இதனாற் பெறப்படும். உமாபதி சிவனாரோ தில்லையினின்றும் விலக்கப்பட்டு அதன் புறத்தே கொற்றவன்குடியில் உறைந்தனர். அப்புறத்திருந்தே சித்தாந்த நூல்கள் அருளினர். தலத்தினுள் இருந்தார் பலரினும் புறத்திருந்த அவர் தலத்திற்கு அணியராயினர்.

துணிபு

இதுகாறும் ஆராய்ந்தவாற்றால், நான்கு வழிகளுள் ஒன்றே எல்லார்க்கும் சிறந்ததென்று துணிதல் இயலாதென்பது பெறப்பட்டது. எனினும், தெரிந்துகொள்ளுதற்குரிய அளவைகளைத் துணிதல் இயலும்.

முதலாவது, உடம்பினைக் காத்தல். உடம்பை இகழ்ந்து பின்னர் அதனுள் இறைவன் உறைதலைக் கண்டு காத்தவர் திருமூலர். மருந்தும் துணையும் எட்டாத இடத்திற் பிடிவாதத்தால் உறைதல் தவமன்று. இரண்டாவது, நல்லினம். சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் நூற்பா, மலங்கழுவிய ஞானியர்க்கும் அன்பரொடு கூடுதலும், அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் இறைவனெனவே தொழுதலும் கடமையென்று வைத்தது. முத்தரே இனத்தை விடாராயின், நாம் விடுதல் எங்ஙனம்? மூன்றாவது, கொடுப்பதற்கு ஏதேனும் எஞ்சியிருத்தல். பெறுதல் மட்டுமே உள்ள வாழ்க்கை எங்கிருப்பினும் சிறையாம். நான்காவது, யான் எனது என்னும் செருக்கு எங்குத் தேயும் என்பது. தந்தை வீட்டை விட மனமின்மையாற் சிலர் ஊரிற் கிடக்கின்றனர். மருமகளுக்கு இணங்க மனமின்மையாற் சிலர் இல்லத்தை நாடுகின்றனர். ஊரார் ஏளனத்திற்கு அஞ்சிச் சிலர் மகன் வீட்டிலேயே மனங்குமைந்து வாழ்கின்றனர். இடம் வேறாயினும் நோய் ஒன்றே.

ஐந்தாவதாக ஒன்றுண்டு, அதனைப் பெரும்பாலார் எண்ணுவதில்லை. உறைவிடத்தை ஆடவர் தெரிகின்றனர். அதனை நெடிது நுகர்பவரோ மகளிர். மனைவியர் அகவையிற் குறைந்தவராதலானும், பெண்டிர் பொதுவாக நீடு வாழ்தலானும், கணவன் தன் விருப்பத்திற்குத் தெரிந்த தோப்புவீட்டில் அவன் மறைந்தபின் பத்தாண்டு தனித்திருப்பவள் அவளேயாவள். அவளுக்கு அவ்வூர் பிறந்த ஊருமன்று. ஆகலின், இல்லாளை வினவாது செய்யும் முடிவு அறமாகாது. 'நான் போனபின் இவள் இங்கே எவ்வாறு வாழ்வாள்?' என்று தன்னை ஒருமுறை வினவிக்கொள்ளாதவன், எத்துணை நூல் கற்றிருப்பினும் இல்லறத்தை முற்ற நடத்தியவனாகான்.

இவற்றைக் கொண்டு, முன்னர் எண்ணிக்கொண்ட ஆலங்குடி அன்பர்க்கு யாம் கூறத்தகுவது இது: முடிவினை ஒருமுறையே செய்து அடைத்துவிடற்க. உடல் உறுதியுடைய முதற் பத்தாண்டில், துணைவியும் ஒருப்படுவாராயின், ஊருக்குத் திரும்புக. அயலார் ஒருவரேனும் நாள்தோறும் கதவைத் தட்டும்படி பழகுக. தோப்பையும் கோயிலையும் பள்ளியையும் பேணுக. கால் தளருங்கால், மக்கள் அருகிலோ நல்லினம் வாய்த்த இல்லத்திலோ வேறு அடுப்பு வைத்துக்கொண்டு அமர்க. செல்லும் நாளை நோய் குறியாமல் நீரே குறித்துக்கொள்க. வீட்டைப் பூட்டி வைக்காது, தங்குதற்கு இடமில்லாத ஒரு குடும்பத்திற்கேனும் விடுக. பெங்களூருக்குச் செல்லும்பொழுது ஊரையிழந்தேன் என்று வருந்தாமலும், ஊரில் இருக்கும்பொழுது மக்கள் கைவிட்டனர் என்று புலம்பாமலும் இருத்தல் இருவினையொப்பிற்கு ஓர் எளிய பயிற்சியாகும்.

மக்கட்கும் ஒரு சொல். பெற்றோரை எங்கு வைப்பது என்று ஆராய்தல் பொருந்தாது. வைத்தற்கு அவர் பொருளல்லர். அவர் எங்கு உறைய விரும்புகின்றனரோ அதற்கு நாம் என் செய்வது என்று ஆராய்தலே மகன் கடமையாம். பணம் அனுப்புதல் அதன் ஒரு கூறு மட்டுமே.

இனி, மடங்கட்கும் திருக்கோயில்கட்கும் ஒரு விண்ணப்பம். தமிழ்நாட்டுத் திருக்கோயில்களில் 2002 முதல் அன்னதானத் திட்டம் நடைபெற்று வருகின்றது. உண்ணும் இடம் உளது; உறையும் இடமோ அரிது. பாடல் பெற்ற திருப்புனவாயிலும், குலச்சிறை நாயனார் தோன்றிய மணமேற்குடியும், பெருந்துறையும் உடைய புதுக்கோட்டை நாட்டில், தலத்தையடுத்துப் பத்துச் சிறு மனைகள் எடுத்து, பொருளுள்ளார் பொருள் தந்தும் இல்லாதார் கைத்தொண்டு தந்தும் உறையுமாறு அமைப்பின், நான்கு வழிகளும் ஒன்றாய் முடியும். சிற்றூரின் அமைதியும், இனத்தின் துணையும், தலத்தின் சார்பும், மக்கள் வந்து காண்பதற்கு ஏற்ற அணிமையும் அங்கு ஒருங்கே வாய்க்கும். திருமுறை ஓதுவார்க்கு மாணாக்கரும், மாணாக்கர்க்கு ஓதுவாரும் அங்கே கிடைப்பர். கொடும்பாளூர் வேளிர் ஐம்பதின்மர்க்குச் செய்ததனை, இத்துணைச் செல்வம் பெருகிய இக்காலத்து நாம் பதின்மர்க்கேனும் செய்யலாகாதா?

உறையும் ஊர் எதுவாயினும், அது நமக்குத் தரப்பட்ட புவனமேயன்றி நாம் உடைய பொருளன்று. தந்தான் குறிப்பறிந்து அதனைப் பயன்கொள்ளுதலும், அவன் அழைக்குங்கால் எளிதிற் கைவிடுதலும் கற்றார்க்கு முதுமை இடராகாது. அக்கல்வியை அவன் அருள் நமக்குக் கூட்டுவதாக.